வீடு ஒன்று, பரீட்சை இரண்டு

இங்கிலாந்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் வீடு வாங்கப் பேச ஆரம்பித்தால் பள்ளிக்கூடப் பேச்சுதான் முதலில் வரும். அரசு செலவில் நடக்கும் கிராமர் ஸ்கூலில் சேர, பத்து வயதில் 'லெவன் பிளஸ்' தேர்வு எழுதித் தேற வேண்டும். காம்ப்ரிஹென்சிவ் பள்ளிக்குத் தேர்வு கிடையாது. வீடு எவ்வளவு கிட்டே என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. இரண்டிலும் ஃபீஸ் இல்லை. ஆனால் முதலாவதுக்கு டியூஷன் செலவு, இரண்டாவதுக்கு நல்ல பள்ளியை ஒட்டிய வீட்டின் விலை.

கிராமர் பள்ளிகள் நாடு முழுக்க 163தான். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாகத் தொடங்கவும் முடியாது. அதனால்தான் கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் பக்கம் வீடு தேடுகிறார்கள்.

கெட்டிக்கார மூத்த பெண்ணை நம்பி கென்டில் வாங்கியாயிற்று, அவளும் தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். தம்பி தேறவில்லை என்றால்? அங்கே தேர்வு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குப் பிள்ளைகளைப் பிரித்து எடுத்துவிடுகிறது. அவனுக்குக் கிடைப்பது மீதிப் பேருக்கான பள்ளி. காம்ப்ரிஹென்சிவ் ஊராக இருந்தால் இரண்டு பேரும் ஒரே கேட்டுக்குள் போயிருப்பார்கள்.

வீடு வாங்குவது ஒரு தடவை; பரீட்சை பிள்ளைக்குப் பிள்ளை தனி. கிராமர் பள்ளியைப் பார்த்த கையோடு, தேறாத பிள்ளை போகவேண்டிய பள்ளியையும் ஒரு நடை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.