விரல் நுனியில் ஆறு பிஸ்டன்

முதல் நாள் ஆசான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இந்த இன்ஜினுக்கு சிலிண்டர் ஹெட் எங்கே இருக்கிறது, காட்டு.”

டார்ச்சை வாங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வேனும் காரும் பழுது பார்த்தவன் நான். ஹெட்டைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா என்ற நினைப்பு. அரை மணி நேரம் தடவித் தேடினேன். மேலே இல்லை, பக்கத்திலும் இல்லை. இரண்டு புறமும் அகலமான மூடிகள்தான் இருந்தன. வெளியே வந்து, தெரியவில்லை என்றேன். “இல்லாததைத் தேடினாய். இருந்தாலும் ‘இதுதான்’ என்று எதையோ காட்டிவிடாமல் இருந்தாயே, நாளை வா” என்றார்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெய்ட்ஸ்டோன் நகருக்கு வெளியே இருந்தது அவருடைய கொட்டகை. அந்த ஊர் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நா எழவில்லை. மனதுக்குள் அவர் எனக்கு ஆசான்தான். அவர் பழுது பார்த்த இன்ஜினும் அந்த மெய்ட்ஸ்டோனில் பிறந்ததுதான். அங்கிருந்த டில்லிங்-ஸ்டீவன்ஸ் தொழிற்சாலையை 1950-இல் ரூட்ஸ் குழுமம் வாங்கியது. 1954-இல் கொமர் லாரிகளில் வந்த டி.எஸ்.3 டீசல் இன்ஜின் அங்கே செய்யப்பட்டது. சிலிண்டர் மூன்று, பிஸ்டன் ஆறு. ஒவ்வொரு படுத்த சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து முட்டுவதுபோல் நெருங்கும். நடுவில் டீசல் பீய்ச்சும், தீப்பற்றும், இரண்டும் விலகி ஓடும். பிஸ்டனே எதிர்ப் பிஸ்டனுக்குக் கூரையாகிவிடுவதால் ஹெட்டுக்கு வேலை இல்லை. வால்வும் கிடையாது. ஒரு முனைத் துளைகள் வழியே காற்று நுழையும், மறு முனைத் துளைகள் வழியே புகை போகும்.

வெறும் 3.26 லிட்டர் கொள்ளளவில் 105 குதிரைத்திறன். பிஸ்டனின் தள்ளுதலை ராக்கர் என்ற தடித்த நெம்புகோல் வாங்கி, கீழே இருக்கும் ஒற்றை கிராங்குக்குக் கொடுக்கும். ஆகவே ராக்கர் ஆறு, கனெக்டிங் ராடு பன்னிரண்டு. காற்றை உள்ளே தள்ளுவது ரூட்ஸ் வகை புளோயர். இந்த ‘ரூட்ஸ்’ அமெரிக்கச் சகோதரர்கள் இருவரின் குடும்பப் பெயர், லாரிக் குழுமத்தின் ‘ரூட்ஸ்’ வேறு. நான் பல மாதம் இரண்டையும் ஒன்றென்றே நம்பியிருந்தேன்.

பிரித்துக் கழுவும் வேலைதான் முதலில் கிடைத்தது. அதிலேயே பெரிய தவறு செய்தேன். கிராங்கைப் பிடிக்கும் ஆறு ராடு முனைகளில் பிறை வடிவில் இரண்டிரண்டு பேரிங் தகடுகள் இருக்கும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஓடி, அந்த இடத்துக்கே பழகிப்போனவை. கழற்றிய இடத்துக்கே அவை திரும்பப் போக வேண்டும். நானோ பன்னிரண்டையும் ஒரே தட்டில் டீசல் ஊற்றி, பளபளவென்று கழுவி, துணி விரித்துக் காயவைத்தேன். ஆசான் வந்து பார்த்தார். திட்டவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேநீர் போடப் போய்விட்டார். திட்டியிருந்தால் இன்னும் தேவலை.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு முட்டை அட்டை இருந்தது, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. “எது எந்த இடத்தில் இருந்தது என்று அவற்றையே கேள்” என்றார். தகட்டின் முதுகில், அது உட்கார்ந்திருந்த இருக்கையின் தடம் மங்கலாக இருக்கும். அந்தத் தடத்தை ராடு முனையில் உள்ள தடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு நாள் ஆனது. நான்கு ஜோடிக்கு இடம் கண்டுபிடித்தேன், இரண்டு ஜோடி பிடிபடவே இல்லை. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டான இன்ஜினுக்குத் தகடு வேண்டுமென்றால் யாராவது சேகரிப்பாளர் மனமிரங்க வேண்டும். ஆறு வாரம் அந்த லாரி கட்டைமேல் நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

அடுத்தது கரி. இந்த வகை இன்ஜினில் புகைத் துளைகளில் கரி கட்டும். கட்டக் கட்ட இன்ஜினுக்கு மூச்சு முட்டும். எஃகுச் சுரண்டியை எடுத்து வேகமாகச் சுரண்டினேன். துளை சுத்தமானது, சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் சுவரில் ஒரு கோடும் விழுந்தது. கண்ணுக்கு மயிரிழைதான். ஆசான் என் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே இழுத்தார். நகம் தடுக்கியது. “நகத்துக்குத் தெரிவது பிஸ்டன் ரிங்குக்குத் தெரியாதா?” நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 40 முறை போய்த் திரும்பும். அந்த லைனர் ஒதுக்கப்பட்டது. சுரண்டியை வாங்கிப் பூட்டிவிட்டு, ஓக் மரக் குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தார். எஃகால் ஒரு மணியில் முடிவது மரத்தால் ஒரு நாள். ஆனால் மரம் கரியைத் தாண்டி இரும்பைத் தொட்டதும் கையில் ஒரு வழுக்கல் தெரியும். எங்கே நிறுத்துவது என்று அந்த வழுக்கல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ரிங்குகளையும் உடைத்திருக்கிறேன். பிஸ்டனை லைனருக்குள் விடும்போது ரிங்கைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்து மெல்லத் தள்ள வேண்டும். ஒரு மாலை, குளிரில் விரல்கள் மரத்திருந்தன, வீட்டுக்குப் போகும் அவசரம் வேறு. ஏதோ தடுத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏதாவது தடுத்தால் என் கை தானாகவே பின்வாங்கிவிடும்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் முதன்முதலாக ஏதோ பிடிபட்டது. ராக்கர்களைப் பூட்டிக்கொண்டிருந்தோம். ராக்கரைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்வு, நடுவில் நின்றால் இறுக்கம். கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டேன். ஐந்து ராக்கர்கள் தேனில் இறங்குவதுபோல் இறங்கின. நான்காவது மட்டும் முடிவில் ஒரு நூலளவு விக்கியது. சொன்னேன். அவரும் தூக்கிப் பார்த்தார். எதுவும் பேசாமல் அதைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே எண்ணெய்ப் பள்ளத்தில் ஒரு மணல் துகள். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

லாரி முழுதாகக் கூடிய நாள் வந்தது. குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற, பம்பின் கைநெம்பை அடித்தேன். காற்று இருக்கும்வரை நெம்பு பஞ்சை அழுத்துவதுபோல் அமுங்கும், டீசல் நிறைந்ததும் கல்போல் எதிர்க்கும். ஆசான் கேபினில் ஏறி ஸ்டார்ட் செய்தார். வெள்ளைப் புகை, தும்மல், பிறகு அந்த ஓசை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த லாரிக்கு ‘நாக்கர்’ என்றே பெயர், தட்டுகிற சத்தத்துக்காக. மூன்று சிலிண்டர்தான் என்றாலும் டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றும் வெடிக்கும். பறை மேளம் விடாமல் உருட்டுவது போலிருக்கும்.

அந்த உருட்டலில் ஏதோ ஓர் அடி மெலிந்து விழுந்தது. முந்தைய ஆண்டு இதே போன்ற ஒரு சத்தத்துக்கு நான் தவறான இன்ஜெக்டரைக் கழற்றி, ஒரு நாள் முழுதும் வீணாக்கியிருந்தேன். இந்த முறை ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் கால் திருப்பு தளர்த்திப் பார்த்தேன். முதலாவதைத் தளர்த்தியதும் தாளம் தடுமாறியது. மூன்றாவதிலும் தடுமாறியது. நடுவில் இருந்ததைத் தளர்த்தினேன், ஓசை அப்படியே இருந்தது. வேலை செய்யாத சிலிண்டருக்கு டீசல் நின்றாலும் வித்தியாசம் தெரியாதல்லவா.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஆசான் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். “நடு…” என்று தொடங்கினார். நடு இன்ஜெக்டரின் நட்டில் ஏற்கெனவே என் ஸ்பேனர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை முடிக்காமல் தேநீர் போடப் போனார். இந்த முறை இரண்டு கோப்பை கொண்டுவந்தார்.