காயற்கரையில் இரு நாள்

இந்நகரில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகியும், அண்டையிலுள்ள காயல் நாட்டை நம்மிற் பலர் புகைவண்டிச் சாளரத்தின் வழியே மட்டுமே கண்டிருக்கிறோம். அக்குறை தீரச் சென்ற மார்கழியில் நண்பர் நால்வர் திருவனந்தபுரத்திலிருந்து கொல்லத்திற்கு மிதிவண்டிகளில் புறப்பட்டோம். எங்களுள் ஒருவரின் பதினான்கு வயது மகனும் உடன் வந்தான்; இங்கே பிறந்து வளர்ந்தவன், தமிழ் எழுத்தை வேண்டாத சுமையென ஒதுக்கியவன்.

வேளியையும் கடினங்குளத்தையும் கடந்து அஞ்சுதெங்கை அடைந்தோம். இடப்புறம் கடல், வலப்புறம் காயல். வர்க்கலையில் குன்று நீர்வழியை மறிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அதனைக் குடைந்து அமைத்த இரு சுரங்கங்களின் வழியே கொல்லத்திற்குப் படகுகள் சென்றன. அவ்வூரில் எங்களுக்குப் பஞ்சர் ஒட்டித் தந்த முதியவர், "காயலுக்குத் தமிழில் என்ன பெயர்?" என்றார். "காயல்தான், பொருநை கடலொடு கலக்குமிடத்தருகே காயல்பட்டினம் என்றோர் ஊரே உண்டு" என்றோம். சிறுவன் வியந்து நோக்கினான்.

மறுநாள் மாலை, எட்டுக் கிளைகளாய் விரிந்த அஷ்டமுடிக் காயலின் கரையில் அமர்ந்தோம். 2002-இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட பெருநீர்ப்பரப்பு அது. சிறுவன் ஈரமணலில் மலையாளத்தில் 'காயல்' என்றெழுதி, "தமிழில் எப்படி எழுதுவது, மாமா?" என வினவினான். மூன்றே எழுத்துகள், எழுதிக் காட்டினோம். அவனும் எழுதினான்.

அன்பர்களே, வீட்டில் வற்புறுத்தியும் ஏறாத பாடம் வழிநடையில் தானே ஏறிற்று. விடுமுறையில் நும் மக்களையும் அழைத்துச் செல்லுங்கள்.