சுடுகாட்டு மல்லி

அம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்தால் நெறி கட்டும், பிறகு கரையும். இது இரண்டு மாதமாகியும் கரையவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காத நெறியைத்தான் கவனிக்க வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வெட்டியெடுத்துப் பரிசோதித்துவிட்டு லிம்போமா என்றார்கள். வெள்ளணுக்களில் பி செல் என்றொரு வகை உண்டு. அதில் ஒன்று, நிறுத்தத் தெரியாமல் இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டே போயிருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 6 தடவை மருந்து ஏற்ற வேண்டும்.

மருந்து 5 வகை. சிவப்பாக ஏறிய ஒன்றைப் பார்த்து அம்மா, "ஆயேர் சிராப் மாதிரி இருக்குல்ல" என்றார். எனக்கு மறக்காதது நிறமே இல்லாத ஒரு சின்னப் பை. ரத்தக் குழாயைத் தவிர வேறு வழியில் செலுத்தினால் மரணம் என்று அதன்மேல் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. இரண்டு மிஸ்ஸிகள் பெயரையும் எண்ணையும் மாறி மாறிப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் மாட்டினார்கள். வின்கிறிஸ்டின். ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம்.

அன்றிரவு கைப்பேசியில் தேடினேன். அது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் செடியிலிருந்து வருகிறது! நித்தியகல்யாணி. மலாயில் கெமுந்திங் சினா. அம்மாவுக்கு அது சுடுகாட்டு மல்லி. தோட்டத்தில் இருந்த காலத்தில் பொதைக்கிற இடத்தைச் சுற்றி அதுதான் பூத்துக் கிடந்ததாம். முப்பது வருடம் கோயில் வாசலில் பூக்கட்டியவர், ஒருநாளும் அதை மாலையில் சேர்த்ததில்லை. ஆனால் இனிப்பு நீருக்கு அதன் இலையை அவித்துக் குடிப்பார். பார்க்கும்போதெல்லாம் நான் சத்தம் போடுவேன்.

ஜமைக்காவிலும் சர்க்கரைக்கு அப்படித்தான் குடித்திருக்கிறார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு நோயாளி அனுப்பிய இலைகள், கிளார்க் நோபல் என்ற கனடிய மருத்துவரின் கைக்கு வந்தன. அவர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட்டிடம் கொடுத்தார். ராபர்ட் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. பார்த்தால், அவற்றின் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. தோற்றுப்போன சர்க்கரை மருந்து என்று அவர் அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவுமோ என்று யோசித்தார். அவரும் சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதை அத்தையிடம் சொன்னது என் தப்பு. மறுநாளே ஒரு கட்டு இலையோடு வந்து நின்றார். "அதே மருந்துதானே, அவிச்சுக் குடுடா. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையணும்?" ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அந்தச் செடியில் வேறு என்னென்னவோ நஞ்சும் இருக்கிறது என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அத்தை கோபித்துக்கொண்டு போனார்.

செல் பிரியும்போது, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கக் கயிறு கட்டிக்கொள்ளும். டியூபுலின் என்ற புரதத்தைப் பூப்போல ஒவ்வொன்றாகத் தொடுத்துக் கட்டும் கயிறு. வின்கிறிஸ்டின் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தொடுக்க விடாது. செல் பாதியில் சிக்கிச் சாகும். ஆனால் நரம்புக்கும் இதே கயிறுதான். நரம்பு செல் பிரிவதில்லை என்றாலும், முதுகுத்தண்டுப் பக்கமிருந்து விரல் நுனிவரை அதற்குச் சரக்குப் போகும் தண்டவாளம் அது. நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. கால் விரல், பிறகு கை விரல்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அம்மா கையைப் பார்த்துக்கொண்டே பூக்கட்ட ஆரம்பித்தார். அவர் கையைப் பார்த்துக் கட்டி நான் கண்டதே இல்லை. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே முழம் முழமாக இறக்குகிறவர். நூல் நழுவியது. கவனித்தேன். கேட்கவில்லை.

நான்காவது தடவை மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார்: விரல் மரத்துப்போகிறதா? பித்தான் போட முடிகிறதா? நான் தமிழில் கேட்டேன்.

"இல்லன்னு சொல்லு. சொன்னா மருந்தக் கொறைச்சிருவாங்க."

நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். "நோ."

அம்மாவுக்காகச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கும் அந்தப் பை முழுதாக ஏற வேண்டியிருந்தது. விரல் போனால் போகட்டும், ஆள் இருக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அது என் விரல் இல்லையே.

ஐந்தாவதற்கு ஒரு வாரம் முன்பு, அடுப்படியிலிருந்து கேட்வரை சிமெண்டுத் தரையில் ரத்தக் கோடு. இடது கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்க, அம்மா கண்ணாடித் துண்டை மிதித்தது தெரியாமல் வெளியே நின்று குப்பைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வெள்ளணு விழுந்துகிடக்கிற உடம்பு. காயம் சீழ் பிடிக்காததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த முறை மருத்துவர் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். போன தடவை பொய் சொன்னதையும் சேர்த்து. அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது, ஆனால் புரிந்துகொண்டு என்னை முறைத்தார். மருத்துவர் திட்டவில்லை. அந்தச் சின்னப் பையில் மட்டும் மருந்தைப் பாதியாக்கினார். மற்ற நான்கும் அப்படியே ஏறின. பாதி போதுமா என்ற பயத்தில் அடுத்த ஸ்கேன்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டு வருடமாகிறது. ஸ்கேனில் இதுவரை ஒன்றும் இல்லை. கை விரல்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன, கால் நுனி இன்னும் வரவில்லை. வீட்டுக்குள்ளும் பின்பக்கம் வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்கிறார்.

போன வாரம் மல்லிகை தொடுத்துக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு மொதல்ல டாக்டர்கிட்ட என்னடா சொன்ன?"

"இல்லன்னு."

"நான் சொன்னதத்தானே சொன்ன."

நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த பூவை எடுத்தார்.