பட்லரும் என் தந்தையாரும்

சென்ற கோடை விடுமுறையில் யான் ஊருக்குச் சென்றபோது, கல்லூரிப் புத்தகசாலையிலிருந்து ஓர் ஆங்கில நாவலை எடுத்துச் சென்றிருந்தேன். காஜுவோ இஷிகுரோ என்பவர் எழுதி 1989-இல் வெளிவந்து, அவ்வாண்டே புக்கர் பரிசு பெற்ற ‘தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே’ என்பது அது. நூலைப் படிக்குமுன் ஆசிரியருடைய வரலாற்றைப் படிப்பது என் வழக்கம். நல்ல வழக்கமன்று என்று நண்பர் சிலர் கூறுவர்.

இஷிகுரோ 1954-இல் ஜப்பானிலுள்ள நாகசாகியில் பிறந்தவர். கடலாராய்ச்சி செய்யும் தந்தையாருடன் 1960-இல் ஆங்கில நாடு போந்தவர். விரைவில் தாயகம் திரும்பிவிடலாம் என்றே குடும்பத்தார் எண்ணியிருந்தனராம், திரும்பவில்லை. இளமையில் அவர் விரும்பியது நாவலன்று, பாட்டு. கிதார் வாசித்துப் பாட்டுக் கட்டி இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்பினார், ஒருவரும் ஏற்கவில்லை. பால்மோரல் அரண்மனைக் காடுகளில், அரச குடும்பத்தார் வேட்டைக்காகப் பறவைகளைக் கலைத்து விரட்டும் கூலி வேலையும் செய்தார். பின்பு லண்டனில் வீடற்ற ஏழைகளுக்கு உதவும் பணியில் இருந்தார். அதன் பிறகே கிழக்கு ஆங்கிலியா சர்வகலாசாலையில் எழுதும் கலை பயின்றார்.

முதல் இரண்டு நாவல்களிலும் கதை சொல்பவர் ஜப்பானியர். மூன்றாவதிலோ ஆங்கிலப் பிரபுவின் மாளிகை பட்லர்! 2005-இல் வந்த நூலில், பிறருக்கு உறுப்புகளை ஈவதற்கென்றே வளர்க்கப்படும் பிள்ளைகள். 2015-இல் பழம் பிரிட்டனின் அரக்கர்கள். 2017-இல் நோபெல் பரிசு பெற்றபின் 2021-இல் எழுதியதில் கதை சொல்வதே ஓர் இயந்திரப் பெண். இடையே ஸ்டேசி கென்ட் என்னும் பாடகிக்குப் பாட்டுகளும் எழுதித் தம் பழைய ஆசையைத் தீர்த்துக்கொண்டார். இவரை நிலையற்றவர் என்று சொல்வாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் கடமை இதுவென்று நம்பி வாழ்நாளைக் கொடுத்துவிட்டுப் பிந்தித் திரும்பிப் பார்ப்பவர் அவர் நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றார்.

நிற்க. அந்நாவலில் மாளிகையில் பெரிய மாநாடு நடக்கின்றது. மாடியில் பட்லருடைய தந்தை உயிர் விடுகின்றார். மகனோ கீழே விருந்தினருக்கு மது ஊற்றிக்கொண்டிருக்கின்றான். அப்பகுதியை வாசித்ததும் நூலை மூடிவிட்டேன். என் தந்தையார் ஒரு நெல் மண்டியில் நாற்பதாண்டு கணக்கு எழுதியவர். என் பாட்டியார் இறந்த பகலில் அவர் வரவில்லை. விளக்கு வைத்த பின்னரே வந்தார். அப்பொழுது எனக்கு வயது பத்து. பாட்டியாரின் வாயில் நீர் விட்டவன் யான். முதலாளி விடவில்லை என்று அம்மா சொன்னதை நம்பி அந்த முதலாளியை வெறுத்தேன். தந்தையாரிடமும் மனத்தாங்கல் இருந்தது.

அன்றிரவு திண்ணையில் அமர்ந்திருந்தவரிடம், “முதலாளி ஏன் அன்று விடவில்லை அப்பா?” என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நான் கேட்கவே இல்லையப்பா. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், கேட்கலாம் என்றே தோன்றவில்லை” என்றார்.

மறுநாள் முதல் அவருக்கு அக்கதையைத் தமிழில் சொல்லி வந்தேன். மாநாட்டுப் பகுதியைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தடுமாறியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாளிகையில் இருந்த வெள்ளிப் பாத்திரங்களுக்கெல்லாம் கணக்கு எழுதியவர் யார் என்று கேட்டார்.