எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்

மாத்தூரிலிருந்து எண்ணூருக்குப் புறப்படுகிறீர்களா? கைக்குட்டை இருக்கட்டும், மணலியின் எண்ணெய் வாடைதான் முதலில் வரவேற்கும். கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டுக் கத்திவாக்கம் சேர்ந்தால் அசோக் லேலண்ட் தொழிற்சாலை. லாரிக்குப் பேர்போன இந்த இடத்தில் 1949-ல் எதைப் பூட்டினார்கள் தெரியுமோ? ஆஸ்டின் ஏ-40 என்ற குடும்பக் காரை! 1948-ல் கம்பெனியைத் தொடங்கிய ரகுநந்தன் சரண், மகன் அசோக்கின் பெயரையே அதற்கு வைத்தார். பிள்ளையின் பெயர் இன்றும் ஊர் ஊராய் ஓடுகிறது.

அந்தச் சாதுக் காருக்கு இங்கிலாந்தில் ஒரு துடுக்குத் தங்கை உண்டு: ஏ-40 ஸ்போர்ட்ஸ். 1950 முதல் 1953 வரை சுமார் 4,000 கார்கள்தான் செய்தார்கள். அலுமினிய உடம்பு, மடக்குகிற துணிக்கூரை. எஞ்சின் என்னவோ அதே 1200 சி.சி.தான், கார்புரேட்டர் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. ஒரே அடுப்பை இரண்டு ஊதுகுழலால் ஊதிப் பாருங்களேன்! குதிரை சக்தி கூடிவிட்டது. 1951-ல் இந்தத் தங்கை 21 நாளில் உலகைச் சுற்றி வந்தாள். (கடல் குறுக்கிட்ட இடங்களில் விமானம் ஏறினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!)

திரும்பும்போது வெறும் சேஸிஸ் ஒன்று எதிரே வரலாம். டிரைவர் தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவருக்குத் துணிக்கூரைகூடக் கிடையாது.