பார்த்து நிற்கிற வேலை

தோவாளையில் ஆடிக் காற்று பேச விடாது. மேற்கிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றப் போகிற காற்று, வழியில் தோவாளை வயல்களையும் அவற்றின் நடுவே போகும் தண்டவாளத்தையும் அறைந்துகொண்டே போகிறது. அந்தக் காற்றில் நின்று, பாதை பராமரிக்கும் கேங்கின் தலைவரான மேட் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. பக்கத்தில் வந்து திரும்பச் சொன்னார்.

“சாரே, நாரோயில்லேருந்து வரப்பட்ட வண்டி சொல்லிக்கிட்டே வரும். ஆரல்வாமொழிப் பக்கத்துலேருந்து வரது சொல்லாம கொள்ளாம வந்து நிக்கும், பாத்துக்கிடுங்க.”

நாகர்கோவிலிலிருந்து வரும் வண்டியின் ஓசையைக் காற்று முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. கிழக்கே ஆரல்வாய்மொழியிலிருந்து வரும் வண்டி காற்றை எதிர்த்து வருவதால் அதன் ஓசை பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரே பாதையில் ஒரே வேகத்தில் வரும் இரண்டு ரயில்களில் ஒன்று காதுக்கு எட்டும், இன்னொன்று எட்டாது. தோவாளையில் பாதை பராமரிக்கும் கேங் இதைத் தினமும் கணக்கில் வைத்துத்தான் கடப்பாரையைக் கையில் எடுக்கிறது.

திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒற்றைத் தண்டவாளமாக இருந்து, 2024இல் இரட்டைப் பாதையாயிற்று. தோவாளை என்றதும் எல்லோரும் பூச்சந்தையைத்தான் சொல்வார்கள். விடியுமுன் பிச்சியும் கேந்தியும் குவியும் அந்தச் சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே நேரத்துக்குச் சாப்பாட்டுத் தூக்குடன் புறப்படுகிற இன்னொரு கூட்டத்தை அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லை. இவர்களுக்கு இப்போது ‘டிராக் மெயின்டெயினர்’ என்று பதவிப் பெயர். ஊரில் இன்னும் கேங்மேன்தான்.

இது கைத்தொழில் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேட் ஒரு தண்டவாளத்தின் மேல் கன்னம் படுமளவு குனிந்து, ஒரு கண்ணை மூடி, நெடுகப் பார்த்தார். எனக்கு நேர்கோடாகத் தெரிந்த இடத்தில் கையை நீட்டி, “அந்த மூணாவது போஸ்ட் கிட்ட லேசா இருந்திருக்கு” என்றார். அளவுகோலை வைத்தார்கள், சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அங்கே ஜல்லியைத் தோண்டி, ஸ்லீப்பருக்கு அடியில் புதுக்கல் திணித்து இறுக்கினார்கள். இதற்குப் ‘பேக்கிங்’ என்று பெயர். ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் கால் டன்னுக்கு மேல் கனக்கும். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். அந்த இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. ஜல்லியை இறுக்கும் பெரிய டாம்பிங் மெஷின் எப்போதாவது வந்து போகும். அது போனபின் மிஞ்சுகிற அன்றாடக் குறைகளைத் தீர்ப்பது இந்தக் கண்களும் கைகளும்தான்.

கீமேனின் தொழில் இன்னும் நுட்பம். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்து வைத்திருக்கும் பாண்ட்ரோல் கிளிப்புகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடக்கிறார். இறுகியதன் ஓசை வேறு, தளர்ந்ததன் ஓசை வேறு. தோளில் தொங்கும் பையில் ஸ்பேனர், மாற்றுக் கிளிப்புகள், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தில் பொருத்தி வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர்கள். போகும்போது ஒரு லைன், வரும்போது மற்ற லைன். தினமும், தனியாக.

“மழையில என்ன செய்வீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ரெயின்கோட்டு தந்திருக்காங்க. ஆனா அந்தத் தொப்பியப் போட்டா காது அடைச்சுப் போவும். நான் அதக் கழத்திப் பொறத்த போட்டுட்டு, தலையில மழைய வாங்கிக்கிட்டுத்தான் நடப்பேன். சளி பிடிச்சா மாத்திர உண்டு.”

உடம்பைக் காக்கக் கொடுத்த பொருளைப் போட்டால் உயிருக்கு ஆபத்து. அதைக் கழற்றினால் உடம்புக்குக் கேடு. அந்த ரெயின்கோட்டை வடிவமைத்தவர் ஒரு நாள் மழையில் தண்டவாளத்தில் நடந்திருந்தால் தொப்பியில் காதுப் பக்கம் திறப்பு வைத்திருப்பார்.

இரட்டைப் பாதை வந்தது பயணிகளுக்குப் பெரிய நன்மை. கிராசிங்குக்காக வண்டி காத்துக் கிடப்பது குறைந்துவிட்டது. வேலை செய்கிறவர்களுக்கு அது புதிய ஆபத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் பிழைத்தோம். இரட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு விலகிப் பக்கத்து லைனில் போய் நின்றால், அந்த வண்டியின் இரைச்சலே மற்ற லைனில் வருகிற வண்டியின் ஓசையை மூடிவிடும். உலகெங்கும் பாதைத் தொழிலாளர்கள் இறப்பதற்கு வழக்கமான காரணங்களில் இது ஒன்று. மின்சார எஞ்சினோ டீசல் எஞ்சின் போல் தொலைவிலேயே உறுமுவதில்லை. 2024 ஆகஸ்டு 31 முதல் சென்னை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்தும் இந்த வழியாகத்தான் போய் வருகிறது. ‘சத்தமில்லாத வண்டி’ என்று கேங்கில் அதற்குப் பெயர்.

ஆகவே காதை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது; ஒருவருடைய கண் வேண்டும். அவர்தான் லுக்அவுட். அவர் கையில் கடப்பாரை இருக்காது. விசிலும் கொடியும் மட்டும். ரயில் வரும் திசையைப் பார்த்து நிற்பார். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்குச் சுமார் 30 மீட்டர் கடக்கிறது. 600 மீட்டர் தொலைவில் கண்ணில் பட்டால் கையில் இருப்பது 20 நொடி. அதற்குள் விசில் ஊத வேண்டும், குனிந்திருப்பவர்கள் நிமிர வேண்டும், கருவிகளை இழுக்க வேண்டும், ஜல்லிச் சரிவில் இறங்கி நிற்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு நிமிர்வதற்கே நான்கைந்து நொடி போய்விடுகிறது.

பாதையில் தடையிருந்தால் அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் வைக்க வேண்டும் என்பது விதி. வேகமாக வரும் வண்டி நிற்க அவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதால்தான் அது. கொடியைக் கண்ட மாத்திரத்தில் ஓட்டுநரால் வண்டியை நிறுத்திவிட முடியாது. விலக வேண்டியவர் மனிதர்தான்.

இவ்வளவு முக்கியமான ஆளைத்தான் ஆள் குறைந்த நாளில் முதலில் இழக்கிறார்கள். மேட் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. பழகிப்போன அலுப்பு இருந்தது. ஒருவர் லீவு, ஒருவர் மெடிக்கல், ஒருவரை வேறு செக்‌ஷனுக்கு அனுப்பியாயிற்று. மிச்சமிருப்பவர்களுக்கு அதே வேலை, அதே இலக்கு. ‘சும்மா நிற்கிற’ ஆளும் ஒரு கை பிடித்தால் சீக்கிரம் முடியும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

பணக்கார நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. 2019 ஜூலை 3 அன்று வேல்ஸில் மார்கம் என்ற இடத்தில் மூன்று பேர் பாதையில் பெட்ரோல் இயந்திரத்தால் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரைச்சலுக்காகக் காதுக் கவசம் போட்டிருந்தார்கள். அவர்களுக்கென லுக்அவுட் யாரையும் நிறுத்தவில்லை. லண்டன் போகும் ரயில் மோதி இருவர் இறந்தார்கள். மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார். தோவாளைக் கீமேனின் மழைத் தொப்பிதான் அந்தக் காதுக் கவசம். அதன்பின் பிரிட்டனில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே லுக்அவுட்டை நம்பிச் செய்யும் வேலைகளைப் பெருமளவு குறைத்து, அந்த லைனில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யும் முறைக்கு மாறினார்கள். நம் ஊரில் அதற்கு ‘பிளாக்’ என்று பெயர். வண்டிகள் நெருக்கமாக ஓடும் பாதையில் பிளாக் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நேரம் சுருங்கிப் போகும் என்பது மேட்டின் அனுபவம். ரயில் நெருங்குவதை ரேடியோ அலையில் எச்சரிக்கும் ‘ரக்ஷக்’ கருவியை இந்திய ரயில்வே சில பகுதிகளில் கீமேன்களுக்குக் கொடுத்துவருகிறது. தனியாக நடக்கிறவர் ஒவ்வொருவர் கையிலும் அது இருக்க வேண்டும். உடம்பில் பட்டு அதிர்கிற கருவியானால் ஆடிக் காற்றிலும் தெரியும்.

சாவைப் பற்றியே பேசினால் மெல்ல மெல்லத் தேய்கிற உடம்பு மறந்துபோகும். வெயில் காலத்தில் தண்டவாளத்தைக் கையால் தொட முடியாது. ஒரு கிலோமீட்டர் இரும்பு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். நீள இடமில்லாமல் பற்றவைத்து இறுக்கிய பாதையில் அந்த விசையெல்லாம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அந்த நேரத்தில் ஜல்லியைக் கலைத்தால் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடக்கூடும். அதனால் உச்சி வெயிலில் பாதையைக் கிளறும் வேலை கூடாது. நடந்து கண்காணிக்க வேண்டும். இரும்புக்கு இந்தச் சலுகை விதியிலேயே இருக்கிறது. அதே வெயிலில் நடந்து கண்காணிக்கிற மனிதருக்கு நிழலும் குடிதண்ணீரும் அதே அழுத்தத்தோடு எழுதப்பட வேண்டாமா?

ஜல்லியில் நடந்து நடந்து கணுக்கால் போகிறது. குனிந்து குனிந்து இடுப்பு போகிறது. கருங்கல் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதில்லை. வயலோரத்தில் பாம்பு உண்டு. கோட்டத்தின் பெரிய ரயில்வே மருத்துவமனை திருவனந்தபுரம் பேட்டையில் இருக்கிறது. தோவாளையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். முழங்கால் வலிக்கு ஒரு நாளைச் செலவழித்து அவ்வளவு தூரம் போக யாருக்கும் மனசு வருவதில்லை.

கேங்கில் பெண்களும் இருக்கிறார்கள். ஆண்கள் தூக்குவதைத்தான் அவர்களும் தூக்குகிறார்கள். ஒருவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்தார். “குடிச்சா பொறவு எங்க போறது சார்?” என்றார். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்கிற பெண்ணுக்கு என்னென்ன வரும் என்று டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில் பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்தபின் பாதையில் விழும் கழிவு குறைந்து, அந்த அருவருப்பு நீங்கியது என்று கேங்கில் எல்லோரும் நிம்மதியோடு சொல்கிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு அத்தனை பெட்டிகளிலும் கழிப்பறை வைக்க முடிந்த ரயில்வேக்கு, கேங் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு நடமாடும் கழிப்பறையை அனுப்புவது பெரிய காரியம் அல்ல.

இனி சாவின் கணக்கு. 2012இல் அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு, 2007 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளில் சுமார் 1,600 ரயில்வே ஊழியர்கள் பணியில் உயிரிழந்ததையும் 8,700 பேர் காயமடைந்ததையும் பதிவு செய்தது. பெட்டி கவிழ்ந்தால் தலைப்புச் செய்தி. இவர்கள் ஒவ்வொருவராகச் செத்ததால் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி.

ஊழியர் என்ற பெயர்கூட இல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். 2024 நவம்பர் 2 அன்று கேரளத்தின் ஷொர்ணூரில், பாரதப்புழைப் பாலத்தருகே பாதையோரக் குப்பையை அள்ளிக்கொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி இறந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நால்வரும் சேலம் மாவட்டத்தவர். ரயில் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை எடுக்க இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி வெள்ளத்தில் போய், இரண்டு நாள் கழித்துப் பிணமாகக் கிடைத்தார். கேங்மேனுக்குப் பயிற்சி உண்டு, விசில் உண்டு, தொழிற்சங்கம் உண்டு. இவர்களிடம் இருந்தது சாக்குப் பையும் வாளியும்.

வேலை முடிந்து கருவிகளை எண்ணி அடுக்கும்போது மேட்டிடம், உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“லுக்அவுட்டுக்காரன வேலைக்காரங்க கணக்குல சேக்கப்பிடாது. எட்டு பேருன்னா எட்டு பேரும் வேலைக்கு. பாக்கதுக்கு ஒம்பதாவது ஆளு. அவரு வரலேன்னா அன்னைக்குப் பேக்கிங் கெடையாது, நடந்து பாத்துட்டுப் போவோம். வேலை கொறஞ்சதுக்கு மேட்ட யாரும் கேக்கப்பிடாது. இத வாயால சொன்னாப் போராது சாரே, ஆர்டராத் தரணும்.”

அந்த ஆர்டரில் நான் இன்னொரு வரி சேர்ப்பேன். பாதையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்கிற ஒப்பந்தக் கூட்டத்துக்கும் ரயில்வேயின் பயிற்சி பெற்ற லுக்அவுட் ஒருவர் வேண்டும். அடுத்த வண்டி எப்போது, எந்த லைனில் என்பதை வேலை தொடங்குமுன் அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அவர் விசிலோடு வந்து நிற்கும்வரை ஒப்பந்ததாரருக்கு அந்தப் பாதையில் இறங்க அனுமதி கொடுக்கக் கூடாது.