முப்பத்தைந்து என்னும் எண்

மர்ஹூம் அத்தா அவர்கள் எனக்கு விட்டுச் சென்றவற்றுள் ஊரார் அதிகம் பேசுவது, குன்னூர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அம்பாஸிடர் காரைப் பற்றித்தான். மார்க் இரண்டு என்னும் வகை, 1960களில் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உருவாகிவந்த வமிசத்தைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்துக் கணக்கர்களையும், கல்யாண மாப்பிள்ளைகளையும், பிரசவ வலி கண்ட பெண்களையும் சுமந்து மலை ஏறி இறங்கிய வண்டி. அரபு இலக்கணம் போதித்து வயிறு வளர்க்கும் ஒருவன் மோட்டார் காரின் மின் கம்பிகளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்பே. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில் நடந்ததை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு நிக்காஹ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என் இளைய மகன் வண்டியை ஓட்டினான். பின் இருக்கையில் எண்பது வயது அம்மாவும் என் மனைவியும். பர்லியாரைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது மழை வலுத்தது. “என்னப்பா, ரப்பர் கருகுற வாடை வருது?” என்று அம்மா கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்து புகை கிளம்பிவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் லாரி. மகன் வண்டியைப் பாறையோரம் ஒதுக்கினான். நான் மழையில் இறங்கி, பானட்டைத் தூக்கி, பேட்டரியின் இணைப்பைக் கையாலேயே திருகிப் பிடுங்கினேன். அந்தத் தழும்பு இன்னும் வலது உள்ளங்கையில் இருக்கிறது. அம்மாவை இறக்கி, பின்னால் வந்த லாரியின் முன்னிருக்கையில் ஏற்றி அனுப்பிவைத்தோம்.

மறுநாள் காலையில், தோட்டத்துப் பட்டறையில் நாற்பதாண்டு எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கருகிய கம்பிகளைப் பார்க்கவில்லை. முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் அந்த மெல்லிய கம்பி பளபளவென்று முழுசாக இருந்தது. “ஹஜ்ரத், உருக வேண்டியது உருகலே, உருகக் கூடாதது உருகிப்போச்சு” என்றார்.

அந்தப் பியூஸை ஒரு மாதத்திற்கு முன் கடையில் கேட்டு வாங்கிப் பொருத்தியவன் நானேதான். பழைய பியூஸ் போயிருந்தது. அதன் குழாய்க்குள் இருந்த சிறு காகிதத் துண்டில் 35 என்று அச்சிட்டிருந்தது. கடையில் 35 என்று கேட்டேன்; 35 கொடுத்தார்கள். இதில் பிழை எங்கே நுழைந்தது?

பிழை எண்ணில் இல்லை, எண்ணின் பொருளில் இருந்தது. லூகாஸ் முறையில் அமைந்த பழைய பிரிட்டிஷ் கார்களின் கண்ணாடிப் பியூஸில் 35 என்றால், 35 ஆம்பியர் பாய்ந்தால் உருகிவிடும் என்று பொருள். தொடர்ந்து அது தாங்குவது அதில் பாதி, அதாவது 17.5 ஆம்பியர்தான். அமெரிக்க முறையில் செய்த பியூஸில் 35 என்பது தாங்கும் அளவு. அதற்கு மேல் மூன்றிலொரு பங்கு கூடினாலும் உடனே உருகாது. ஒரு மணி நேரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். உருவம் ஏறக்குறைய ஒன்று, எண் ஒன்று, சொல்லும் செய்தி வேறு. டாஷ்போர்டுக்குப் பின்னால் உறை தேய்ந்த கம்பி ஒன்று ஈரத் தகட்டில் உரசியிருக்கிறது. 40 ஆம்பியர் அளவில் பாய்ந்திருக்கலாம் என்பது பெரியவரின் கணிப்பு. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியின் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். 17.5 தாங்கும் கம்பியில் 40 பாய்ந்தால் வெப்பம் ஐந்து மடங்கைத் தாண்டும். பழைய பியூஸ் இருந்திருந்தால் உருகி ஓட்டத்தை நிறுத்தியிருக்கும். நான் பொருத்தியது வேடிக்கை பார்த்தது.

இதைக் கேட்டதும் எனக்கு வேலூரில் ஓதிய காலம் நினைவு வந்தது. ஸதகத்துல் ஃபித்ரின் அளவைப் பற்றிய பாடத்தில் ‘ஸாஉ’ என்னும் முகத்தலளவை வரும். இமாம் அபூ ஹனீபா அவர்களிடத்தில் ஒரு ஸாஉ எட்டு ரத்ல். இமாம் ஷாபிஈ அவர்களிடத்தில் ஐந்தும் மூன்றிலொரு பங்கும். இமாம் அபூ யூஸுப் அவர்கள் மதீனா சென்றபோது, அவ்வூரார் தம் தந்தையர் வழியில் வந்த ஸாஉகளைக் கொண்டுவந்து காட்ட, அவற்றை அளந்து பார்த்துத் தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மாறினார்கள் என்பது பிரசித்தமான செய்தி. முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். கடையில் நின்று, ‘இது யாருடைய முப்பத்தைந்து?’ என்று கேட்கத் தோன்றவில்லையே!

பியூஸைத் தமிழில் ‘உருகி’ என்கிறோம். அரபியில் ‘முன்ஸஹிர்’ என்றும் ‘மிஸ்ஹர்’ என்றும் சொல்லுவர். ஸஹர என்றால் உருக்கினான். ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் உருகுதலே. அதே அரபு வேரிலிருந்துதான் மணவழி உறவைக் குறிக்கும் ‘ஸிஹ்ர்’ வந்தது. இரு குடும்பங்கள் உருகி ஒன்றாவதால் போலும். (நிக்காஹுக்குப் போய்த் திரும்பிய இரவில் இது நேர்ந்ததை என் மைத்துனர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.)

வண்டி முழுவதற்கும் புதிதாகக் கம்பி இழுக்க இரண்டு மாதங்கள் ஆயின. பெரியவர் எனக்குக் கற்பித்த முதல் விதி, பியூஸ் காப்பது விளக்கையோ ஹாரனையோ அன்று, கம்பியை என்பது. ஆகவே முதலில் அந்தப் பாகம் எவ்வளவு இழுக்கிறதென்று அளக்க வேண்டும். அதைத் தாராளமாகத் தாங்கும் கம்பியை இட வேண்டும். பின்னர், கம்பி தாங்குவதற்குக் கீழேயும் பாகம் இழுப்பதற்கு மேலேயும் நிற்கும் பியூஸைத் தேர வேண்டும். 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 கொண்ட கம்பி 8.75 ஆம்பியர் தாங்கும். 28 இழைகள் கொண்டது 17.5. வைப்பரை ஈரக் கண்ணாடியில் ஓடவிட்டு அளந்தோம். மூன்றை ஒட்டி இழுத்தது. அதற்கு 14 இழைக் கம்பியும் 7.5 பியூஸும். வளைவுக்கு வளைவு அழுத்த வேண்டிய ஹாரனுக்கு 28 இழையும் 15 பியூஸும். இவையெல்லாம் 1970களில் அமெரிக்காவில் தோன்றிய தட்டைப் பியூஸ்கள். இவற்றின் எண் தாங்கும் அளவையே குறிக்கும். நிறத்தாலும் அறியலாம்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். பழைய கார் அபிமானிகள் முகம் சுளிப்பார்கள் என்பதற்காகப் புதுப் பெட்டியை உள்ளே மறைத்துவிட்டு, பழைய கண்ணாடிப் பியூஸ் பெட்டியை அதன் இடத்திலேயே அலங்காரத்திற்கு விட்டுவைத்தோம்.

பெரு விளக்குகளைப் பற்றித்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலானவற்றில் அவற்றுக்குப் பியூஸே கிடையாது. மறதியன்று, கருதிச் செய்தது. இருட்டில் பியூஸ் போய் இரண்டு விளக்குகளும் ஒருசேர அணைவதைவிடக் கம்பி கருகுவது மேல் என்று எண்ணியிருக்கிறார்கள். எங்கள் மலைப் பாதையை அறிந்தவர்கள் இதை எளிதில் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கம்பிகளில் 100/90 வாட் பல்பு மாட்டுகிறார்களே, இரண்டும் சேர்ந்து 200 வாட், 12 வோல்டில் 16 ஆம்பியருக்கு மேல்! பழைய டைனமோவின் வரும்படி ஏறத்தாழ அங்கேயே தீர்ந்துவிடும். நான் 60/55 போதுமென்றேன். விளக்கொன்றுக்கு ஐந்து ஆம்பியர். 7.5 போதுமே என்று கேட்டதற்கு, குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும் என்று சொல்லி 10 வைத்தார். கம்பி 17.5 தாங்குவதால் அதில் அபாயமில்லை. இடது, வலது, தாழ்வொளி, உயரொளி என நான்கு பியூஸ்களாகப் பிரித்தார். ஒன்று போனால் மற்றது நிற்கும்.

சென்ற மாதம் அதே பாதையில், அதே மழையில், இடது விளக்கு அணைந்தது. வலது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகன் நிறுத்தினான். சிவப்புப் பியூஸ் அறுந்திருந்தது. விளக்கின் பின்புறம் தண்ணீர் இறங்கியிருந்தது. கையில் நீலமும் இருந்தது, பச்சையும் இருந்தது. துடைத்துக் காயவைத்து, மீண்டும் ஒரு சிவப்பையே வைத்தேன். எரிந்தது.

“இன்னும் எத்தனை வளைவு இருக்கு?” என்று பின்னாலிருந்து அம்மா கேட்டார்கள்.